எழுப்பாதீங்க, தூங்கட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா எப்போதும் சொல்வாள். பயம் அடிவயிற்றில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மருந்து அலமாரியின் சாவியைக் கையில் வாங்கினாலே அது புரள ஆரம்பித்துவிடும். நர்சிங் மூன்றாம் வருடம் படிப்பவள் இப்படிச் சொல்லலாமா என்றால், வேறு எப்படிச் சொல்வதாம்? எங்கள் கல்லூரியில் மருந்துக் கணக்குப் பரீட்சையில் ஒரு தப்புகூடப் போடக் கூடாது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஃபெயில். "புள்ளி இடம் மாறினா நீங்க ஃபெயில் ஆவீங்க, நோயாளி செத்துப்போவார். ரெண்டுல எது பெரிசுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் கனவில்கூடப் புள்ளிதான் ஓடுகிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்ததில் எந்தப் புள்ளியும் இடம் மாறவில்லை. எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குலை நடுங்குகிறது.

எங்கள் குளிர் நாட்டின் காயினூ மாவட்டத்துப் பக்கம், காடும் ஏரியுமாகக் கிடக்கும் ஊரில், வீடு வீடாகப் போய் மருந்து கொடுக்கும் வேலையில் எனக்குப் பயிற்சி போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நர்ஸ் பெயர் ரைலி. அறுபதை நெருங்கியவள். வாயில் உப்பும் தூக்கல், உறைப்பும் தூக்கல். கார் ஓட்டும் அழகைப் பார்த்தால் எருமைக்குக்கூட வயிறு கலங்கும்.

காலையில் முதல் வீடு கெய்னானென் தம்பதியுடையது. ஏரிக்கரை மேட்டில் மஞ்சள் வீடு. அர்மாஸுக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது. பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வியாழக்கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்தார். வலிக்கு ஃபென்டனில் பேட்ச். பிளாஸ்திரி மாதிரி தோலில் ஒட்டினால், மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்தது போதவில்லை என்று டாக்டர் அன்றுதான் ஒரு படி கூட்டியிருந்தார்.

"உங்க பேர் என்ன? பிறந்த தேதி சொல்லுங்க" என்று கேட்டேன். விதி. தெரிந்தவரானாலும் கேட்டாக வேண்டும்.

"வந்த உடனே 'வணக்கம் அர்மாஸ்'னியே பொண்ணே. அதுக்குள்ள மறந்துபோச்சா? மருந்து எனக்கா உனக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு மனுஷா" என்று சமையலறையிலிருந்து ஹெல்வி குரல் கொடுத்தாள். அவர் மனைவி. குள்ளமாக, கடப்பாரை மாதிரி உறுதியான கிழவி. "ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் ஒழுங்காத்தானே பதில் சொன்ன."

பெட்டியின் மேலிருந்த பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் நான் வாய்விட்டுப் படிக்க, ரைலி தனியாக ஒருமுறை படித்தாள். பழைய பேட்ச்சை உரித்து, பசை உள்ளே போகும்படி மடித்தேன். புதியதை மறுபக்கத் தோளுக்குப் பின்னால் ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகு பலகை போல இறுகிக் கிடந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

ரைலி எச்சரிக்கைகளைச் சொன்னாள். "பேட்ச் மேல சூடு படக் கூடாது. சூடு பட்டா மருந்து ஒரேயடியா உள்ள இறங்கிடும். வெந்நீர்ப் பை வைக்காதீங்க. மின்சாரப் போர்வை வேண்டாம். காய்ச்சல் வந்தா உடனே எங்களுக்குச் சொல்லணும். வெயில்ல ரொம்ப நேரம் உக்காரக் கூடாது."

"அக்டோபர்ல வெயிலா?" என்றார் அர்மாஸ். "எங்க அடிக்குதுன்னு காட்டு, உன்னையும் தூக்கிட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தோம். ஹெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவர் கேலி பேசிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ.

ஆவிக் குளியலுக்கான சௌனா என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. மருந்தோடு வரும் தாளில் அது அச்சாகி இருக்கிறது. பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ரைலிக்கும் தெரியாததில்லை. ஆனால் எங்கள் ஊரில் சூடான பொருள் எது என்று கேட்டால் அடுப்பு என்போம், இஸ்திரிப் பெட்டி என்போம். கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரை ஊற்றி, அந்த ஆவியில் வேகவேக உட்கார்ந்திருப்பது எங்களுக்குச் சூட்டில் சேர்த்தி இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றதும் அங்கேதான், பிணத்தைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். தினமும் மூச்சு விடுகிறோம் என்று யாராவது சொல்லிக் காட்டுவார்களா? அது மாதிரி.

எங்களை வழியனுப்ப வந்த ஹெல்வி, கையோடு விறகுக் கொட்டகைக்குள் நுழைந்தாள். நாங்கள் கையாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்து ஒரு வீட்டில் புண்ணுக்குக் கட்டு. பிறகு ஒரு வீட்டில் இன்சுலின். மத்தியானம் சாய்ந்த பிறகு லெம்பி என்ற ஒண்டிக்கட்டைக் கிழவியின் வீடு. ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கையில் சுற்றினால், அவள் நெளிகிறாள்.

"சீக்கிரம் கட்டு, சீக்கிரம் கழட்டு பொண்ணே. சௌனா சூடாயிடுச்சு. கல்லு ஆறிப்போச்சுன்னா நீயா வந்து விறகு வைப்பே?"

"இப்பவேவா?"

"வேற எப்போ? சனிக்கிழமை ஆச்சே! இந்த ஏரியைச் சுத்தி இருக்கற அத்தனை வீட்டுப் புகைபோக்கியிலயும் இப்பப் புகை வரும், போய்ப் பாரு."

என் கை பம்ப்பிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்தேன். ரைலியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அர்மாஸ்" என்றாள்.

பட்டையை அவிழ்க்கவும் மறந்து வாசலுக்கு ஓடினேன். லெம்பி பின்னாலிருந்து கத்தினாள். "இதை யாரு கழட்டுறது? ஏய்! ரெண்டு பேருக்கும் பைத்தியமா?"

காரில் ஏறும்போதே ரைலி போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, எடுப்பாரில்லை. மறுபடி போட்டோம். சௌனாவுக்குள் யார் போனைத் தூக்கிக்கொண்டு போவார்கள்?

"நூத்திப் பன்னெண்டுக்குப் போடு மில்கா."

போட்டேன். என் பல் கிடுகிடுத்ததில் முகவரியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனையில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார். "நோயாளி மூச்சு விடறாரா?"

"தெரியாது."

"முழிச்சிருக்காரா?"

"தெரியாது! நாங்க அங்க இல்ல, போய்க்கிட்டு இருக்கோம்!" என்று கத்திவிட்டேன். கோபம் அவர் மேல் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும் போல, குரல் மாறவே இல்லை. ஆம்புலன்ஸ் பக்கத்தில் எதுவும் இல்லை, மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும், அனுப்பிவிட்டேன் என்றார்.

ரைலி அந்த மண் சாலையில் ஓட்டிய ஓட்டத்துக்கு, வேறு நாளாயிருந்தால் நான் இறங்கி நடந்திருப்பேன். அன்று இன்னும் வேகமாகப் போகாதா என்று இருந்தது.

"ஒருவேளை போயிருக்க மாட்டாரு" என்றேன். "முதுகு வலியில எப்படி நடந்து போவாரு?"

"காலையில கேலி பேசினாருல்ல" என்றாள் ரைலி. "நடக்கவும் நடப்பாரு. இத்தன வாரமா குளிக்காத மனுஷன். நான் அந்த ஒரு வார்த்தைய... சனியன் புடிச்ச வாய். வெயிலாம் வெயில்! வெயிலப் பத்திப் பேசியிருக்கேன் பாரு!" ஸ்டியரிங்கைக் குத்தினாள்.

அவள் சொல்லாத வார்த்தை என் வாயிலும்தானே இருந்தது.

வளைவு திரும்பியதும் ஏரி தெரிந்தது. கரையோரம் கறுத்த மரக் குடில். அதன் புகைபோக்கியிலிருந்து நூல் பிடித்தாற்போலப் புகை.

வீட்டிலிருந்து குடிலுக்குச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. காரை மேலேயே விட்டுவிட்டு ஓடினோம். சௌனாவின் முன்னறைக் கதவில் ஹெல்வி நின்றிருந்தாள். துண்டு கட்டியிருந்தாள், முடியில் நீர் சொட்டியது, கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ்! சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "தூங்கறாரு."

"எவ்வளவு நேரமா?" என்றாள் ரைலி.

"மெதுவாப் பேசும்மா. ஆவியில நல்லா உக்காந்திருந்தாரு. 'ஹெல்வி, வலியே இல்லடி'ன்னாரு. வேனல் காலத்துக்கு அப்புறம் இப்பத்தான் அந்த வார்த்தையக் கேக்கறேன். வெளிய வந்து பெஞ்சுல சாய்ஞ்சாரு, அப்படியே கண்ணசந்துட்டாரு. கம்பளி போத்தி விட்டிருக்கேன்."

கம்பளி. கடவுளே, கம்பளி.

ரைலி அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தாள். நானும் பின்னாலேயே. முன்னறையே வெதுவெதுவென்று இருந்தது. பெஞ்சில் அர்மாஸ் மல்லாந்து கிடந்தார், மோவாய் வரை கம்பளி. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காலையில் பார்த்த சுருக்கம் ஒன்றுகூட இல்லை. உதடு மட்டும் நாவல் பழம் தின்ற பிள்ளையின் உதடு மாதிரி நீலம் பாரித்திருந்தது.

ஒரு குறட்டை வந்தது. ஆழமாக, தொண்டையில் அடைத்து அடைத்து. பிறகு ஒன்றுமில்லை. காத்திருந்தேன். இன்னும் ஒன்றுமில்லை. என் மூச்சையும் நான் விட மறந்து நின்றேன். அப்புறம்தான் அடுத்த குறட்டை வந்தது.

"கம்பளியத் தூக்கிப் போடு, கதவத் தெற" என்றாள் ரைலி. இமையை விரித்துப் பார்த்தாள். கண்மணி ஊசி குத்தின இடம் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

ஹெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரும்புப் பிடி. "என்ன பண்றே? எழுப்பாதீங்க! தூங்கட்டும்! ராத்திரி ராத்திரியா அவரு முனகறதக் கேட்டுக்கிட்டுக் கெடந்தவ நான், நீ இல்ல. இப்பத்தான் நல்லாத் தூங்கறாரு. கை எடு!"

"இது தூக்கம் இல்ல ஹெல்வி" என்றேன். குரல் கீச்சிட்டது. "சௌனா சூட்டுல மருந்து மொத்தமா இறங்கிடுச்சு. மூச்சு நிக்கப் போகுது. அவரு செத்துக்கிட்டிருக்காரு!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். ஹெல்வியின் பிடி தளர்ந்தது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். கன்னத்துச் சிவப்பு அப்படியே இறங்கிப் போனது.

அவரைத் தோளோடு புரட்டினோம். பேட்ச் ஈரத்தில்கூட உரியாமல் நன்றாக ஒட்டியிருந்தது. நான்தானே அழுத்தி ஒட்டினேன், பிறகென்ன! நகத்தால் நெம்பி உரித்தேன். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சோப்பு போடக் கூடாது, அழுத்தித் தேய்க்கக் கூடாது என்பதெல்லாம் கை தானாகச் செய்தது. தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: உரித்தால் மட்டும் போதாது. தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் மருந்து இன்னும் பல மணி நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

"மாத்து மருந்து நம்ம பையில இல்ல, ஆம்புலன்ஸ்லதான் இருக்கு" என்றாள் ரைலி. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "இப்படியே பிடி. விட்டா நாக்கு அடைச்சுக்கும். மூச்சு ஊத மாஸ்க் கார்ல இருக்கு, எடுத்துட்டு வரேன். இந்த மருந்துல மாட்டினவங்களுக்கு மூச்சு விடறதுதான் மறந்துபோகும். காது கேக்கும். சொன்னாச் செய்வாங்க. சொல்லிக்கிட்டே இரு."

"நீங்க போகாதீங்க" என்று என் வாய் சொன்னது. வெட்கமாயிருந்தாலும் சொல்லிவிட்டது.

"போய்த்தான் ஆகணும்." அவள் மேட்டில் ஏறி ஓடுவது கேட்டது. மூட்டு வலிக்காரி, மூச்சிரைக்க ஓடினாள்.

நானும் அந்தத் தாடையும்தான் மிச்சம். நரைத்த குத்து முடி என் உள்ளங்கையில் குத்தியது.

"அர்மாஸ், மூச்சை இழுங்க" என்றேன்.

நெஞ்சு எழும்பியது. நிஜமாகவே எழும்பியது! எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அது அடங்கி, அசையாமல் கிடந்தது.

"அர்மாஸ், மூச்சை இழுங்க."

லேசாக எழும்பியது. அடுத்த முறை சொன்னேன். எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதருகில் சொன்னேன். தோளைக் கிள்ளினேன். நெஞ்சு, மரத்தில் செதுக்கி வைத்தது போலக் கிடந்தது. நீலம் உதட்டிலிருந்து மூக்கடிக்குப் பரவியது. ரைலி எங்கே? ஏன் இன்னும் வரவில்லை? என் கண்முன்னே ஒரு மனிதர் சாகிறார், நான் 'தயவுசெய்து' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

"தள்ளு" என்றாள் ஹெல்வி.

தாடையை விட்டு நான் நகரவில்லை. அவள் என் பக்கத்தில் மண்டி போட்டு, புருஷன் முகத்துக்கு நேரே குனிந்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் ஏரிக்கு அந்தக் கரையில் இருந்தவனும் திரும்பிப் பார்த்திருப்பான்.

"ஏய் கிழவா! மூச்ச இழு! சோம்பேறிக் கழுத, இழுங்கறேன்ல!"

நெஞ்சு விம்மிக்கொண்டு எழும்பியது. கரகரவென்று காற்று உள்ளே போனது.

"ம். இன்னொண்ணு. இழு! என்னிக்காவது ஒரு தடவ சொன்னதுமே செஞ்சிருக்கியா நீ? இழு!"

இழுத்தார். அத்தனை வருடத்துப் பழக்கம், மூளைக்கு எட்டாவிட்டாலும் உடம்புக்கு எட்டியது போல. என் மரியாதையான குரலை யார் கேட்டார்கள்! அவள் திட்டத் திட்ட அவர் மூச்சு விட்டார். விறகு நனையவிட்டதற்குத் திட்டினாள். படகை விற்றதற்குத் திட்டினாள். அவள் தங்கை கல்யாணத்தில் குடித்துவிட்டு ஏரியில் விழுந்ததற்குத் திட்டினாள். ஒவ்வொரு திட்டின் கடைசியிலும் "இழு" என்றாள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, குரலில் மட்டும் ஒரு பிசிறு இல்லை.

ரைலி மாஸ்க்கோடு வந்து சேர்ந்தாள். திட்டியும் நெஞ்சு எழும்பாதபோதெல்லாம் ஊதினாள். அவள் ஊத, நான் தாடையைத் தாங்க, ஹெல்வி திட்ட, மூன்று பெண்களாகச் சேர்ந்து ஒரு ஆணின் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு இடைவெளியிலும் இதுதான் கடைசி என்று தோன்றியது. பயம் பழகிவிடும் என்கிறார்களே, பொய். முதல் இடைவெளியில் எவ்வளவு பயந்தேனோ, அத்தனையிலும் அவ்வளவே பயந்தேன். ஹெல்வியின் தொண்டை கட்டிப்போனது. அப்போதும் விடவில்லை. அடிக்குரலில் "இழு, இழு" என்றுகொண்டிருந்தாள்.

சைரன் கேட்டபோது எனக்கு அது காதுக்குள் இரைகிற சத்தம் என்றே பட்டது. இரண்டு பேர் பையும் ஸ்ட்ரெச்சருமாகச் சரிவில் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். தாடி வைத்த இளைஞன் ஒரு பார்வையில் புரிந்துகொண்டான்.

"பேட்ச்?"

"உரிச்சாச்சு. துடைச்சாச்சு. ஒண்ணுதான் இருந்துச்சு, உடம்பு முழுக்கப் பார்த்துட்டோம்" என்றேன். எப்போது பார்த்தோம் என்று எனக்கே நினைவில்லை. ரைலி தலையாட்டியதால் அது உண்மை.

அவன் அர்மாஸின் கையில் ஊசி ஏற்றி மாற்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினான். "இது சீக்கிரம் தீர்ந்துபோயிடும், தோல்ல இருக்கறது தீராது. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பாக்கணும்" என்று எங்களிடம் சொன்னான். ஹெல்வியிடம் வேறொன்று சொன்னான். "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா. இந்த மருந்து மூச்சத் திருப்பிக் கொடுக்கும். வலியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துடும்."

ஹெல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு புருஷன் கையைப் பிடித்தாள்.

முதலில் உதட்டு நீலம் போனது. யாரும் சொல்லாமலே ஒரு மூச்சு. உடனே இன்னொன்று. அப்புறம் கண் திறந்தது. ஒரு நொடி எங்களை எல்லாம் சாதாரணமாகப் பார்த்தார், நன்றாகத் தூங்கி எழுந்த மனிதர் பார்க்கிற மாதிரி. அதற்குப் பிறகு வலி வந்தது.

அந்த அலறலை என்னால் எழுத முடியாது. உடம்பு வில்லாக வளைந்தது. முகத்தில் போயிருந்த சுருக்கமெல்லாம் ஒன்று விடாமல் திரும்பி வந்தன. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். நர்ஸாகப் போகிறவள், சுவரோடு ஒட்டிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"ஏன்டி எழுப்பின?" என்றார். பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. "சுகமா இருந்தேனே. ஏன்டி எழுப்பின?"

ரைலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாடிக்காரன் ஸ்ட்ரெச்சரின் பட்டையில் இல்லாத சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான்.

ஹெல்விக்குக் குரலே எழும்பவில்லை. அவர் காதருகில் குனிந்து சொன்னாள்.

"பயமா இருந்துச்சு."

"உனக்கா?"

"எனக்குத்தான். நீ இல்லாம இந்த மேட்ட எப்படி ஏறிப் போவேன்னு பயமா இருந்துச்சு. எனக்காகத்தான் எழுப்பினேன். மன்னிச்சுக்கோ."

அவர் அவளையே பார்த்தார். அடுத்த வலி வந்து உடம்பு முறுக்கியது. அலறலை உள்ளுக்குள் அடக்கப் பல்லைக் கடித்தார், காலையில் கடித்தது போலவே.

"அடக்காத" என்றாள் அவள். "கத்து. நான் கேட்டுக்கறேன், கத்து."

அவர் வாய்விட்டுக் கத்தினார். அவள் கையை விடாமல் ஸ்ட்ரெச்சரோடு கூடவே, துண்டு கட்டியபடி, வெறுங்காலில் அந்த மேட்டில் ஏறிப் போனாள்.